வளைகாப்பில் ஊமைப்படம்

ஆசிரியருக்கு,

மகளின் வளைகாப்பை என் போனில்தான் எடுத்தேன். வெளியூர்ச் சொந்தங்கள் பார்க்கட்டுமே என்று ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினால், சற்று நேரத்தில் காப்பிரைட் அறிவிப்பு வந்து நின்றது. மண்டப ஸ்பீக்கரில் ஓடிய சினிமாப் பாட்டுதான் காரணம். நலங்கு வைத்து வளையல் அடுக்கும் இடம் முழுக்க ஊமைப்படம்; அத்தைமார்களின் கேலியும் போச்சு.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கல்யாண வைபவங்களில் பாட்டுப் போடுவதற்கு விலக்கு தருகிறது. அதை வீடியோவோடு இணையத்தில் ஏற்றுவது வேறு கணக்கு. ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ‘பாடல் உரிமை அவர்களுக்கே’ என்று கீழே எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பது (நானும் நம்பியதுதான்) வீண் நம்பிக்கை. சினிமாப் பாட்டைச் சேர்த்து எடிட் செய்து தரும் ஸ்டுடியோக்காரர்களாவது இதை முன்கூட்டியே சொல்லக்கூடாதா?

– ஒரு வாசகர், கும்பகோணம்