மேடைக்கு வெளியே இருக்கும் வேலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சிம்ஃபனி இசைக்குழுவை நடத்தும் படிப்பில் சேரப்போகிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. மேடையில் குச்சி பிடிப்பதைத் தவிர அந்த வேலையில் என்ன இருக்கிறது, ஊர் மக்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தாய். மரின் ஆல்சப் என்ற ஒருவரை வைத்தே சொல்கிறேன்.

அவர் 2007 முதல் 2021 வரை அமெரிக்காவின் பால்டிமோர் சிம்ஃபனி இசைக்குழுவுக்கு இசை இயக்குநராக, அதாவது தலைமை நடத்துநராக இருந்தார். அந்த நாட்டின் பெரிய இசைக்குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். 2005-ல் அவரைத் தேர்வு செய்தபோது, தேடலை அவசரமாக முடித்துவிட்டார்கள் என்று குழுவின் கலைஞர்களே எதிர்த்தார்கள். அவர் அவர்களைச் சந்தித்துப் பேசிவிட்டுத்தான் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு அவருக்கு திறமையாளர்களுக்குத் தரப்படும் 5 லட்சம் டாலர் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அதில் 1 லட்சத்தை முதலாகப் போட்டு, 2008-ல் மேற்கு பால்டிமோரின் ஹாரியட் டப்மன் தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளோடு 'ஆர்க்-கிட்ஸ்' என்ற இசைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார்.

முதல் ஆண்டு முடிந்ததும் அந்தப் பள்ளியையே மூடிவிட்டார்கள். திட்டம் லாக்கர்மன் பண்டி பள்ளிக்கு மாறி உயிர் பிழைத்தது. உன் மகள் இதை நன்றாக மனதில் வைக்கட்டும்: வாத்தியங்களும் ஆசிரியர்களின் சம்பளமும் இசைக்குழுவின் பொறுப்பில் இருக்க வேண்டும். பள்ளியின் கணக்கில் இருந்தால் பள்ளியோடு சேர்ந்து எல்லாம் போய்விடும்.

ஆர்க்-கிட்ஸில் இலவச வாத்தியமும் வகுப்பும் மட்டுமல்ல, பள்ளி விட்ட பிறகு சாப்பாடும் பாட உதவியும் உண்டு. பசித்த பிள்ளைக்கு டிரம்பெட் ஊத மூச்சு ஏது? வருஷத்துக்கு ஒருமுறை குழந்தைகளை அரங்குக்குக் கூட்டி வந்து கைதட்ட வைப்பதை நான் சமூகப் பணியாகவே எண்ணுவதில்லை. வாரத்தில் பல நாள் நடந்தால்தான் அது பணி.

நடைமுறையில் தடுக்கி விழும் இடங்கள் சின்னச் சின்னவை. ஆறேழு வயதுக்கு 1/8 அல்லது 1/4 அளவு வயலின்தான் சரி. வயலினைத் தோளில் வைத்து இடக்கையை நீட்டினால், முழங்கை லேசாக மடிந்தபடியே உள்ளங்கை அதன் சுருள்தலையைப் பிடிக்க வேண்டும். வளரும் பிள்ளைதானே என்று ஒரு அளவு பெரிதாகக் கொடுத்தால் மணிக்கட்டு மடங்கிவிடும், சுண்டுவிரல் எட்டாது, அந்த விரலின் ஸ்வரம் எப்போதும் இறங்கியே ஒலிக்கும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்தது சுருதி. ஒரு வயலினுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் 30 வயலினுக்கு அரை மணி. ஒரு மணி வகுப்பில் பாதி போயிற்று. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து, தந்தியை முறுக்கும் பிருடை சுருங்கி வழுக்கும். ஆகவே நான்கு தந்திக்கும் கீழ்ப்பக்கம் திருகு பொருத்திய வாத்தியங்களையே வாங்கச் சொல். மிக மெல்லிய தந்தியான ஈ (E) தந்திதான் அதிகம் அறுபடும். மற்றவற்றைப் போல் இரு மடங்கு உபரி வேண்டும். வாத்தியம் வந்து சேரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக் குச்சியால் தட்டியே தாளம் கற்கலாம். ஆர்க்-கிட்ஸிலும் வாளிக் குழு உண்டு.

பெரியவர்களுக்காக 2010-ல் 'ரஸ்டி மியூசிஷியன்ஸ்' என்ற திட்டத்தை ஆல்சப் தொடங்கினார். எப்போதோ கற்று விட்டுப்போன ஊர்க்காரர்கள் தொழில்முறைக் கலைஞர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கைகாட்டலில் வாசித்தார்கள். இப்படிப்பட்ட கலப்புக் குழுவில் நடத்துநரின் திறமை அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 15 மீட்டர் பின்னால் இருப்பவர் முன்வரிசையைக் காதால் கேட்டு வாசித்தால், நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவு பிந்துவார். அவரைக் கேட்டு அடுத்தவரும் பிந்துவார், தாளம் இழுத்துக்கொண்டே போகும். பயிற்சி குறைந்தவர்கள் காதைத்தான் நம்புவார்கள். அப்போது பெரிதாகக் கையை வீசினால் தாளம் விழும் புள்ளி மங்கிவிடும். வீச்சைச் சிறிதாக்கிப் புள்ளியைத் தெளிவாக்கினால் கண்கள் மேலே வரும். பித்தளை வாத்தியக்காரர்களின் உதடு சீக்கிரம் களைத்துவிடும், ஆகவே கடினமான பகுதியை ஒத்திகையின் கடைசிக்குத் தள்ளக் கூடாது. பக்கம் திருப்பும் உள்பக்க நாற்காலியில் தொழில்முறைக் கலைஞர் உட்காரட்டும். புதியவருக்கு ஒரு கவலை குறையும்.

2015 ஏப்ரலில் ஃபிரெடி கிரே என்ற இளைஞர் போலீஸ் காவலில் காயமுற்று இறந்ததும் பால்டிமோர் கொதித்தது. 27-ஆம் தேதி கலவரம். 29-ஆம் தேதி நண்பகலில் பால்டிமோர் சிம்ஃபனி தன் மேயர்ஹாஃப் அரங்குக்கு வெளியே, திறந்த வெளியில், இலவசமாக வாசித்தது. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஏழு வருஷமாக அந்தத் தெருக்களின் பிள்ளைகளோடு பழகிய குழு என்பதால்தான் அந்த நாளில் அது அந்நியமாகத் தெரியவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மகள் எந்த வாத்தியத்தை முதன்மையாக எடுத்திருக்கிறாள் என்று எழுது. தந்தி வாத்தியம் தெரியாவிட்டால், ஓராண்டாவது வயலினோ செல்லோவோ கற்கச் சொல். வில் மேலா கீழா என்று குறித்துக் கொடுக்கத் தெரியாத நடத்துநரை வயலின்காரர்கள் முதல் ஒத்திகையிலேயே கண்டுகொள்வார்கள். தங்கைக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

உன்,
பழைய நண்பன்