கிரீம் காசு, முட்டைக் காசு

அன்புள்ள தோழி,

கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனதற்கு நீ இவ்வளவு மனம் உடைய வேண்டியதில்லை. அதை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்வோம். பக்கத்து வீட்டு மென்னோனைட் பாட்டி (மென்னோனைட் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு) எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். பாட்டி போன மாதம் தவறிவிட்டார். 97 வயது. படுக்கையில் அதிகம் கிடக்கவில்லை.

குதிரை வண்டி, கரன்ட் இல்லாத வீடு, அந்த எளிமைதான் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று நீ எழுதியதைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. நீ நினைப்பது ஆமிஷ் ஆட்களை. மென்னோனைட்களிலிருந்து 1693 வாக்கில் பிரிந்துபோன கிளை அது. மென்னோனைட்களிலும் வண்டி பூட்டுகிறவர்கள் உண்டுதான். ஆனால் அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் எங்கள் நியூட்டன் ஊர்ப் பக்கத்து ஆட்கள் அப்படியில்லை. பாட்டி டிராக்டரே ஓட்டியிருக்கிறார். சிறு வயதில் வீட்டில் கரன்ட் இல்லாததற்குக் காரணம் கொள்கை அல்ல, ஊருக்குக் கம்பி வரவில்லை. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் சட்டமே 1936இல்தான் வந்தது. அதன் பிறகும் பல பண்ணைகள் வருடக்கணக்கில் காத்துக்கிடந்தன.

இங்கே சாவு வீட்டில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. இறந்தவரின் வாழ்க்கைக் கதையைக் கோயிலில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். சிலர் உயிரோடு இருக்கும்போதே தாங்களே எழுதி வைத்துவிடுவார்கள். பாட்டியும் எழுதி வைத்திருந்தார், ஒன்றரைப் பக்கம். 1928இல் கெஸ்ஸல் பக்கத்தில் பண்ணையில் பிறந்தது, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று ஞானஸ்நானம் பெற்றது, 1948இல் கல்யாணம், ஐந்து பிள்ளைகள், அவர்களுடைய பிறந்த வருடங்கள், பேரன் பேத்திகள் எத்தனை பேர், கடவுளுக்கு நன்றி. அவ்வளவுதான். மகன் வாசித்து முடித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. வேலையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை!

அவர் வாயால் கேட்டவற்றை வைத்துச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கோதுமைப் பண்ணைக்கு வருடத்தில் ஒரே தடவை, ஜூன் அறுவடை முடிந்த பிறகுதான், கை நிறையப் பணம் வரும். அதுவும் ஆலங்கட்டி மழை பெய்துவிட்டால் போச்சு. வாராவாரம் கையில் புழங்கிய பணம் கிரீமும் முட்டையும் விற்று வந்ததுதான். மாடு கறந்து, கையால் சுற்றும் மெஷினில் பாலை ஊற்றி கிரீமைப் பிரித்தெடுப்பார்கள். கொழுப்பு எடுத்த பால் பன்றிக்கும் கன்றுக்கும் போகும். கிரீம் டவுனுக்குப் போகும். அந்த மெஷினுக்குள் அடுக்கடுக்காகத் தகடுகள். ஒவ்வொன்றையும் தினமும் கழுவ வேண்டும், இல்லையென்றால் புளித்த நாற்றம். சின்ன வயதில் தனக்கு மிகவும் பிடிக்காத வேலை அதுதான் என்பார். சர்க்கரை, காபித்தூள், பள்ளிக்கூட ஷூ எல்லாம் அந்தக் காசில்தான். கவுனுக்குத் துணி வாங்குவதில்லை, மாவு வந்த சாக்கில் தைத்தார்கள். உங்கள் அம்மா சொசைட்டியில் பால் ஊற்றிய காசில் நீயும் நானும் டியூஷன் போனோமே, அதே கணக்குதான். யாராவது கேட்டால் உங்கள் அம்மாவும் "சும்மாதான் வீட்ல இருக்கேன்" என்பார்.

அறுவடைக் காலம் இன்னும் மோசம். போரடிக்கும் மெஷினோடு ஒரு கூட்டமே வந்து இறங்கும். காலையில் ஒரு சாப்பாடு, நடுவில் ஒன்று, மதியம், மாலை நாலு மணிக்கு வயலுக்கே தூக்கிக்கொண்டு போவது, இரவு. விறகடுப்பில், ஜூன் வெயிலில்! அந்த நாலு மணிச் சாப்பாட்டுக்கு இவர்கள் ஃபாஸ்பா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதுதான், காபி, ஜாம், சீஸ், அப்புறம் ஸ்வீபாக். ஒரு பன் மேல் சின்ன பன்னை அழுத்தி வைத்துச் சுடுவது. ஞாயிறன்று அடுப்பு மூட்டக் கூடாது என்று சனிக்கிழமையே மலை மாதிரி சுட்டு வைப்பார்கள். ஆக ஓய்வுநாள் ஆண்களுக்கு ஒரு நாள் என்றால் பெண்களுக்கு அரை நாள்.

அந்த பன்னுக்கு ஒரு பயணக் கதையும் இருக்கிறது. இவர்களுடைய முன்னோர்கள் உக்ரைனில் ஜார் ஆட்சியின் கீழ் இருந்தார்கள். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்பது இவர்கள் மதத்தின் அடிப்படை. பட்டாளத்துக்குப் போக வேண்டாம் என்ற சலுகையை அரசு திரும்ப எடுத்துக்கொண்டதும், 1874இல் ஏறக்குறைய ஒரு கிராமமே கிளம்பி கன்சாஸ் வந்தது. வழிச்சாப்பாட்டுக்கு ஸ்வீபாக்கை மொறுமொறுவென்று காயவைத்து மூட்டை கட்டினார்கள். கூடவே விதைக் கோதுமையும் வந்தது. பின்னாளில் கன்சாஸுக்கே பேர் வாங்கித் தந்த டர்க்கி ரெட் அதுதான்.

பட்டாள விஷயம் பாட்டியின் வீட்டிலும் நுழைந்தது. அவர் கணவர் இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி எடுக்க மறுத்து, பட்டாளத்துக்குப் பதிலாகப் பொதுப்பணிக்குப் போன சுமார் 12,000 பேரில் ஒருவர். அரசு அவரை ஒரு மனநல மருத்துவமனையில் வேலைக்குப் போட்டது. சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கோழை என்று ஊரில் சிலர் பேசியதைப் பாட்டி கடைசி வரை மறக்கவில்லை. அதுவும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இல்லை.

நான் அவரைக் கோபுரத்தில் ஏற்றி வைக்கவில்லை. ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கம் உட்கார்ந்த கோயில் அது. சபைக் கூட்டங்களில் பெண்களுக்கு நெடுங்காலம் ஓட்டு இல்லை. வருத்தமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். ஆண்கள் கூட்டம் போட்ட நேரத்தில் நாங்கள் தைத்து முடித்துவிட்டோம் என்றார். பதிலைத் தட்டிக் கழித்தாரா, இல்லை அதுதான் பதிலா என்று தெரியவில்லை. தைத்தது நிஜம். 1920இல் ரஷ்யப் பஞ்சத்துக்காக ஆரம்பித்த மென்னோனைட் நிவாரணக் குழுவுக்கு இன்றைக்கும் இந்தப் பெண்கள்தான் போர்வை போர்வையாகத் தைத்து அனுப்புகிறார்கள். 95 வயதிலும் ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார், தையல் அவருடையது.

ஏப்ரலில் ஹட்சின்சனில் அந்த நிவாரணத்துக்காக ஏலம் நடக்கும். பாட்டி கடைசியாக முடித்த நீலப் போர்வை அதில் வருகிறது. ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும் என்கிறார்கள். வாங்க ஆசைதான், ஆனால் நம்ம வீட்டுக்காரர் இப்போதே முறைக்கிறார். எனக்காக நீ ஒரு வார்த்தை அவரிடம் பேசு. நீ சொன்னால் கேட்பார்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழி