சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

தமிழ் வகுப்பு, தீபாவளி விழா, தைப்பூச அன்னதானம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இளைஞர்களின் மின்னணுக் குழு செய்த வேலையைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த ஆண்டு எனக்கு மனநிறைவு தந்தது அதுதான்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் நம் டோங்காட்டில் குழாய்த் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது வைத்ததுதான் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஜோஜோ டேங்க் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. காவடி நாளில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பார்க்க ஏணி வைத்து ஏற வேண்டும். சமையலறையில் இருந்தபடியே கைப்பேசியில் பார்க்க ஒரு கருவி செய்யலாம் என்றார்கள் பிள்ளைகள். வைஃபை வசதி உள்ள இஎஸ்பி32 சிப், ஒலி அலை எதிரொலிப்பதை வைத்துத் தண்ணீர் மட்டத்தை அளக்க அல்ட்ராசோனிக் சென்சார், மின்வெட்டிலும் ஓட லித்தியம் பேட்டரி. மின்சுற்று வரையும் கிகேட் மென்பொருளில் சர்க்யூட் போர்டை அவர்களே வரைந்து, வெளியே கொடுத்து அச்சிட்டு, பாகங்களைச் சால்டர் வைத்து முடித்தார்கள்.

யுஎஸ்பி வயரில் போர்டு அருமையாக ஓடியது. பேட்டரியில் மாட்டினால் மட்டும் வைஃபை தொடங்கியதும் ரீசெட் ஆகும், மறுபடி எழும், மறுபடி ரீசெட் ஆகும். சால்டர் சரியில்லை என்றார் ஒருவர், புரோகிராமில் பிழை என்றார் இன்னொருவர். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திதான், "அண்ணே, புரோகிராமை விடுங்க, பேட்டரியிலேர்ந்து வரிசையா அளந்துக்கிட்டே வருவோம்" என்றாள். பேட்டரி முனையில் வோல்டேஜ் சரி. வோல்டேஜைக் குறைத்துச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைத் தாண்டியதும் 3.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் குறைவு, ஆனால் சிப் தாங்கும் என்று தோன்றும் அளவுக்குத்தான். வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை இரவல் வாங்கி வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது: வைஃபை அனுப்பும் ஒவ்வொரு கணமும் கோடு செங்குத்தாகக் கீழே இறங்கியது.

நாங்கள் போட்டிருந்த ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு, வெளியே கொடுப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் உள்ளே அதிகம் வேண்டும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் அது கிடைக்கும், 3.7 வோல்ட் பேட்டரியில் கிடைக்காது. வைஃபையோ நொடிக்கும் குறைந்த நேரத்துக்குச் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். உள்ளே கொஞ்சம் அதிகம் இருந்தாலே 600 மில்லிஆம்பியர் தரும் ஏபி2112 ரெகுலேட்டருக்கு மாறினோம். அதன் கால்களின் அமைப்பே வேறு என்பதால் போர்டைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. சிப்புக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைச் சற்றுச் சேமித்துத் தேவைப்படும்போது கொடுக்கும் ஒரு பெரிய கெபாசிட்டரும் சேர்த்தார்கள். ரீசெட் நின்றது.

அப்புறம் இன்னொன்று. டேங்க் மூடியிலிருந்து தண்ணீர் வரை அளக்கும் இந்தச் சென்சாரால் முதல் 20 செ.மீ. தூரத்தைச் சரியாக அளக்க முடியாது. டேங்க் நிரம்பி வழியும்போது பாதிதான் என்று காட்டியது. மூடியில் துளையிட்டு, மேலே ஒரு அகலமான வாளியைக் கவிழ்த்து, அதன் அடியில் சென்சாரை மாட்டி உயர்த்தினோம். கடல் காற்றில் செம்பு பச்சை பூக்காமல் இருக்க போர்டுக்கு வார்னிஷும் பூசியாயிற்று.

இந்த ஆண்டு தைப்பூசத்தில் ஏணி வெளியே வரவில்லை.

சங்கத்துக்கென்று ஒரு பழைய ஆசிலோஸ்கோப் வாங்க இந்தக் கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன். சனிக்கிழமை வகுப்பை அந்த மாணவியே நடத்த முன்வந்திருக்கிறாள். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்
டோங்காட்