பீச் பழத்தைப் பிழிந்து யாரும் சென்ட் செய்வதில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில் வாசனைத் திரவியங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மற்ற வகைகளுக்கெல்லாம் மரியாதையாக ஆளுக்கொரு பத்தி கொடுத்துவிட்டு, பழமும் பூவும் கலந்த வகையை மட்டும் ‘கல்லூரிப் பெண்களுக்கான பழரசம்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார் கட்டுரையாளர். போதாக்குறைக்கு அதில் பீச், பேரிக்காய்ச் சாறு சேர்க்கிறார்களாம். கல்லூரியை விட்டு வெகுநாள் ஆகியும் அந்த வகையையே போட்டுக்கொண்டு திரிகிறவள் நான், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் சாறு. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரிப் பழங்களின் தோலில் எண்ணெய் இருக்கிறது, பிழிந்தால் வரும். பீச், ஆப்பிள், ஸ்ட்ராபெரி எல்லாம் அப்படிப் பிழிந்து எடுக்கக் கொடுக்காது, பாட்டிலில் நாம் முகர்கிற பீச் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதற்குத் தொழிலில் ‘ஆல்டிஹைடு சி-14’ என்று பெயர் (வேடிக்கை என்னவென்றால் அது ஆல்டிஹைடும் இல்லை, அதில் 14 கார்பனும் இல்லை, 11 கார்பன் உள்ள லாக்டோன் என்ற வேறு வகை வேதிப்பொருள்). 1919-லேயே பிரான்சில் சென்ட் செய்துவந்த ழாக் கெர்லேன் தன் ‘மிட்சூகோ’ என்ற சென்ட்டில் அந்தப் பீச்சைப் பாசி வாசனையோடு சேர்த்துவிட்டார், அதை யாரும் பழரசம் என்று கேலி செய்து நான் கேட்டதில்லை.

பூவையும் பழத்தையும் சேர்ப்பது ஏதோ விளையாட்டுத்தனம் என்பது போலவும் கட்டுரை பேசுகிறது. மல்லிகையின் வாசனையில் பெரும்பங்கு பென்சைல் அசிடேட் என்ற வேதிப்பொருள். அதைத் தனியாக முகர்ந்தால் வாழைப்பழமும் பேரிக்காயும்தான் நினைவுக்கு வரும். ரோஜா எண்ணெயில் மிகக் கொஞ்சமாக இருக்கும் டமாசினோன் என்ற பொருளை முகர்ந்தால் பிளம் பழம், வெந்த ஆப்பிள். அதாவது பூவுக்குள்ளேயே பழம் இருக்கிறது, சென்ட் செய்கிறவர் அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்து விடுகிறார், அவ்வளவுதான். நன்றாகச் செய்த ஒன்றில் எங்கே பழம் முடிகிறது, எங்கே பூ தொடங்குகிறது என்று கோடு போடவே முடியாது. மோசமாகச் செய்ததில் பழம் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம், நடுவில் எத்தில் மால்டால் என்ற இனிப்பு வாசனைப் பொருளைக் கொட்டிச் சர்க்கரைப்பாகு மாதிரி ஆக்கி வைத்திருப்பார்கள். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

அப்புறம் நேரம். இதில் ஏமாந்தவள் நான். ஒருமுறை கடையில் காகிதத் துண்டில் அடித்து முகர்ந்தேன், அப்போதுதான் நறுக்கிய பேரிக்காய் மாதிரி அப்படி ஒரு பளிச்! அரை நிமிடத்தில் முடிவு செய்து வாங்கிவிட்டேன். மறுநாள் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினால் அரை மணி நேரத்தில் பேரிக்காயைக் காணோம், ரோஜாதான் இருந்தது, மதியத்துக்கு மேல் எதுவுமே இல்லை. பணம் போச்சு என்று தங்கையிடம் தள்ளிவிட்டேன். பிறகு ஒரு நாள் மாலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது, ரோஜாவும் பீச் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை, என்னடி இது என்று கேட்டால் அதே பாட்டில்! பேரிக்காய் வாசனை தரும் எஸ்டர்கள் லேசானவை, சீக்கிரம் ஆவியாகிவிடும். பீச் லாக்டோன் கனமானது, பூவோடு கூடவே நிற்கும். கடைசியில் மிஞ்சுவது மஸ்க், அதாவது கஸ்தூரி மாதிரியான அடிவாசனை. சில மஸ்க்குகளைச் சிலருடைய மூக்கு உணரவே உணராது, என் மூக்கும் அந்த ரகம் போலிருக்கிறது. நான் போய்விட்டது என்று நினைத்த நேரமெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மணத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த வகை பற்றி எழுதுகிறவரை, காலையில் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டு மாலை வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள், கூட இருப்பவர் யாரிடமாவது முகர்ந்து பார்க்கவும் சொல்லட்டும். அதற்குப் பிறகும் பழரசம் என்றுதான் தோன்றுகிறதா, சரி, அப்படியே போடுங்கள், நான் மறுபடி கடிதம் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி