இந்த ஞாயிறு போனை அம்மாவிடம் கொடுக்கமாட்டேன்

உருத்திரபுரம்
வைகாசி மாதம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். சிறுபோகம் விதைத்தாயிற்று, பயிர் பச்சை பிடித்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மற்றதெல்லாம் அவள் உனக்குச் சொல்லியிருப்பாள்.

போன கிழமை மருமகன் எனக்குத் தனியாகப் போன் எடுத்தார். நீ கோபித்துக்கொள்ளாதே, குறை சொல்ல அவர் எடுக்கவில்லை. "மாமா, அவவுக்கு ஒரு மனவருத்தம் வந்தா நாலு நாள், அஞ்சு நாள் கதைக்கிறதில்லை. சமைக்கிறா, வேலைக்குப் போறா, நான் என்ன கேட்டாலும் 'ஒண்டுமில்லை' எண்டுறா. நான் என்ன பிழை விட்டன் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். அவருடைய குரல் உடைந்துபோயிருந்தது. என்ன மறுமொழி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த 'ஒண்டுமில்லை' யாருடைய சொல் என்று எனக்குத் தெரியும். அதை நீ என்னிடமிருந்துதான் படித்தாய்.

2009 சித்திரை மாதம், சண்டையின் கடைசி நாட்களில், புதுமாத்தளனில் நாங்கள் கடல்நீரேரியைக் கடந்த இரவு உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. உனக்கு அப்போது 11 வயது. தண்ணீர் உன் நெஞ்சுக்கு மேல். நீ அம்மம்மாவைக் கேட்டு அழுதாய். அவவை நாங்கள் இரணைப்பாலையில் நாங்கள் பதுங்கியிருந்த பங்கர்க் குழிக்குப் பக்கத்திலேயே தாட்டுவிட்டு, விடிய எழும்பி நடந்து வந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அழாத நீ அந்தத் தண்ணீருக்குள் நின்று அழுதாய். நான் உன் வாயைப் பொத்தினேன். "அழக்கூடாது, சத்தம் கேட்டால் எல்லாரும் சாவம்" என்றேன். கையை எடுத்தபோது நீ அழுகையை நிறுத்தியிருந்தாய். அந்த இரவில் அது சரிதான், குஞ்சு. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் கரைக்கு வந்த பிறகாவது "இப்ப அழு" என்று உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் சொல்லவேயில்லை.

பிறகு இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்த மாதங்களில் பக்கத்துக் கொட்டில் சனமெல்லாம் உன்னைப் புகழ்ந்தார்கள். "உங்கட பிள்ளை எவ்வளவு நல்லது, ஒரு கரைச்சலும் இல்லை" என்பார்கள். தண்ணிக்கு வரிசையில் நின்றாய், விறகு பொறுக்கினாய், ஒன்றும் கேட்கமாட்டாய். நான் பெருமைப்பட்டேன். 11 வயதுப் பிள்ளை ஒன்றும் கேட்காமல் இருக்கிறதென்றால் அது நல்ல பிள்ளை என்று மட்டும்தான் எனக்கு விளங்கியது. பிறகு ஊருக்குத் திரும்பி, காணியைத் துப்புரவாக்கி, தகரக் கொட்டில் போட்டு, நீ படித்து, சோதனை பாஸ் பண்ணி, கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்போதும் கண்ணீர் இல்லாமல் போனாய். வீடு திரும்பும் வழிநெடுக அம்மா வான் வண்டிக்குள் அழுதுகொண்டு வந்தாள். நான் யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். ஓமந்தை தாண்டிய பிறகும் ஒரு சொல் நான் பேசவில்லை.

அம்மா என்னுடன் எப்படி இத்தனை வருசம் இருந்தாள் என்று நான் கேட்டதில்லை. அவளாகவே ஒரு நாள் சொன்னாள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சிப் பக்கமெல்லாம் வெள்ளம் போட்டதே, அந்த இரவு. முற்றத்துத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி, நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். மின்சாரம் இல்லை. சுற்றிவர ஈரச் சாரம், ஈரப் பாய், சிணுங்கும் பிள்ளைகள். அந்த இருட்டில் அம்மா சொன்னாள்: "தண்ணியைப் பாத்தா எனக்கு அந்த இரவுதான் நினைவு வருது. உங்களுக்கு வாறதில்லையோ?" நான் வழக்கம்போல "ஒண்டுமில்லை, படு" என்றேன். "நீங்கள் பேசாமல் இருக்கிறது உங்களுக்கு அமைதி. எனக்கு அது தண்டனை. என்ர அம்மா செத்ததைப் பற்றிக் கதைக்க எனக்கு இந்த உலகத்தில உங்களை விட்டா ஆர்?" என்றாள்.

எனக்கு நெஞ்சடைத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருசம் கழித்து, முன்பின் தெரியாத சனங்களுக்கு நடுவே ஈர நிலத்தில் இருந்து நான் அழுதேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். விடியும்வரை மாமியைப் பற்றித்தான் கதைத்தோம். அவவின் வெற்றிலைப் பெட்டி, அவ புழுக்கொடியல் இடிக்கும் விதம், உன்னை மடியில் வைத்துப் பேன் பார்த்தது. எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று ஒரு சடங்கும் இல்லாமல் போன அந்த மனிசிக்கு நாங்கள் செய்த செத்தவீடு அன்றைக்குத்தான் நடந்தது என்று நினைக்கிறேன். இப்போது சித்திராபௌர்ணமிக்கு அம்மா விரதம் இருக்கும்போது நானும் பக்கத்தில் இருந்து கதைக்கிறேன்.

அதற்காக அடுத்த நாளே நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. இன்றைக்கும் கோபம் வந்தால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகத்தான் கால் இழுக்கும். ஆனால் இப்போது போகும்போது அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன்: "எனக்கு மனம் சரியில்லை, உன்னில கோவமில்லை, பின்னேரம் கதைப்பம்." இவ்வளவுதான். பின்னேரம் வந்து கதைக்கவும் வேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி. நீயும் அவருக்கு அந்த ஒரு வசனத்தைச் சொல்லிப் பார். உடனே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. உன் மௌனத்துக்கு அவர் காரணமில்லை என்று அந்த மனிசனுக்குத் தெரிந்தால் போதும். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதிலேயே வெளிநாடு போனவர். தறப்பாளுக்குள் என்ன நடந்தது என்று நீ சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? அங்கே இப்படியான கதைகளைக் கேட்பதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். போவது வெட்கமில்லை, பிள்ளை. கால் முறிந்தால் வைத்தியரிடம் போகிறோம்தானே.

இந்த மே மாதமும், அந்தக் கடைசிச் சண்டையில் செத்த சனத்தின் நினைவாக, சந்தியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். நான் எப்போதும் அந்த நாட்களில் சைக்கிளை வாய்க்கால் கரையால் திருப்பிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். இந்த முறை நின்று வாங்கிக் குடித்தேன். வெறும் அரிசியும் தண்ணியும் உப்பும்தான். கொடுத்த பிள்ளைக்கு 11, 12 வயது இருக்கும். "இன்னும் விடட்டோ தாத்தா?" என்று கேட்டது. எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. அங்கேயே நின்று கண்ணைத் துடைத்தேன், ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை.

உனக்குச் சனி இரவு ஆகும்போது எங்களுக்கு ஞாயிறு விடியும். நீ எடுக்கும் ஒவ்வொரு முறையும் நான் "சாப்பிட்டியோ? குளிரோ?" என்று கேட்டுவிட்டு, "இந்தா, அம்மாட்டக் குடுக்கிறன்" என்பேன். ஒரு நிமிடம்கூட வராது. வருகிற ஞாயிறு நான் கிணற்றடிக்குப் போனை எடுத்துக்கொண்டு போய் இருப்பேன். அம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டேன், அவள் அன்றைக்குப் பின்னேரம் உன்னோடு கதைப்பாளாம். நீ கதைக்கலாம், அழலாம், இல்லை சும்மா பிடித்துக்கொண்டு இருந்தாலும் சரி. நான் வைக்கமாட்டேன்.

அன்புடன்
அப்பா