அப்பாவின் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் கருகிப்போன டிரான்ஸ்ஃபார்மரின் மேலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்ததாக எழுதியிருந்தாய். இனி எத்தனை சனிக்கிழமை அலைந்தாலும் அது கிடைக்காது. அந்த எண், டிரான்ஸ்ஃபார்மரைச் செய்தவர்கள் தங்கள் கணக்குக்காக இட்டுக்கொண்டது. கடைக்காரருக்கு வேண்டியவை வோல்ட்டும் ஆம்பியரும் மட்டுமே. அவை இரண்டும் நீ அனுப்பிய படங்களிலும் அளவுகளிலுமே இருக்கின்றன.

ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 50 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. பின்பலகையில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு, சேனலுக்கு 30 வாட் என்று இருக்கிறது. 8 ஓமில் 30 வாட் எழ வேண்டுமானால் அலையின் உச்சம் ஏறக்குறைய 22 வோல்ட்டைத் தொட வேண்டும். அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் போகும் இழப்பையும், முழுச் சத்தத்தில் சப்ளை இறங்குவதையும் சேர்த்துப் பார்த்தால், பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 33 வோல்ட் டிசி இருந்தால் சரியாக இருக்கும். 24-0-24, அதாவது நடு இணைப்பின் இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி தரும் டிரான்ஸ்ஃபார்மர், அதைத்தான் தரும்: 24ஐ 1.414ஆல் பெருக்கினால் 34. அதில் ஒரு வோல்ட் டையோடில் போய்விடும். "30-0-30 போடுங்கள், சத்தம் கூடும்" என்று யாராவது சொன்னால் கேளாதே. 30ஐ 1.414ஆல் பெருக்கினாலே 42; சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும்போது வோல்ட் இன்னும் ஏறும், அப்போது லைனில் 250 வோல்ட்டும் வந்துவிட்டால், அது கெப்பாசிட்டரின் 50 வோல்ட் வரம்பைத் தாண்டிவிடக்கூடும். இது தவிர, ப்ரீஆம்ப்புக்கு 12 வோல்ட்டை நிலையாகத் தரும் 7812 ஐசிக்காக, டிரான்ஸ்ஃபார்மரில் தனியே ஒரு 15 வோல்ட் கம்பிச்சுற்றும் வேண்டும். அதற்கு அரை ஆம்பியர் போதும்.

ஆம்பியருக்குப் பழைய டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பே சாட்சி. E வடிவத் தகட்டின் நடுக்காலின் அகலம் 3.2 செ.மீ., தகடுகளின் அடுக்கு 3.8 செ.மீ. என்று அளந்திருக்கிறாய்; பெருக்கினால் 12 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதன் வர்க்கம்தான் தோராயமாக டிரான்ஸ்ஃபார்மரின் விஏ, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் திறன்: சுமார் 148. இரு பக்க 24உம் சேர்ந்த 48 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3 ஆம்பியர். பாலிடெக்னிக்கில் இதைச் சொல்லிக்கொடுத்த இருபத்தெட்டு ஆண்டுகளில் இந்தக் கணக்கு என்னைப் பெரிதாக ஏமாற்றியதில்லை. கடைகளில் ஒட்டும் லேபிள் பலமுறை ஏமாற்றியிருக்கிறது. ஆகவே பழையதைக் கையோடு எடுத்துப் போய், புதியதைத் தராசில் வைத்து ஒப்பிட்டுப் பார். எடை கணிசமாகக் குறைந்தால் இரும்போ செம்போ குறைந்திருக்கிறது என்று பொருள். கம்பி முனையில் எனாமலைச் சுரண்டும்போது வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடு.

வாங்கி வந்ததும் பொருத்திவிடாதே. டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் தானாகக் கருகுவதில்லை. பிரிட்ஜ் டையோடுகளையும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் ஷார்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பார். ஃபியூஸ் ஹோல்டரையும் திறந்து பார். உள்ளே ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி இழை ஒன்று இருந்தால், அது அறுந்து காப்பாற்றாததால்தான் டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருக்கும்; அது உன் அப்பாவின் கைவரிசை. ஒரு மார்கழி விடியலில் ஃபியூஸ் போய், கடை எதுவும் திறந்திராதபோது, "இன்று ஒரு நாளைக்கு" என்று சொல்லி அவர் சுற்றியது. மாற்றினாரா என்று நான் பிறகு கேட்கவே இல்லை.

முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் சீரீஸாகப் போட்டுக்கொள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது; பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிட்டு எனக்குப் போன் செய், மணி எத்தனையானாலும் சரி.

பழையதை எடைக்குப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. இங்கே காயில் கட்டுபவர் ஒருவர் இன்னும் கடை வைத்திருக்கிறார், அந்த இரும்பிலேயே புதுக் கம்பி சுற்றித் தருவார்.

அன்புடன்,
அம்மா