நான்கெல்லை பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்

நியூ ஜெர்சி,
பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அங்கே மஞ்சள் வெட்டு பாதியில் நிற்கும், ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "கவினைத் தனி வகுப்பில் ஒதுக்கி வைத்துவிட்டார்களாமே, அதற்கா அவ்வளவு தூரம் போனீர்கள்?" என்றீர்கள். என் மகன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பேச்சு வராதே தவிர, காது அவனுக்கு நன்றாகவே கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவனைப் பொது வகுப்பில்தான் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். கோவையில் வாங்கிய மருத்துவ அறிக்கைகள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எல்லாம் அடங்கிய நீல ஃபைலை நீட்டினேன். புரட்டிப் பார்த்த பள்ளி அம்மையார், "இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை, முதலில் ஆங்கிலம் வரட்டும், ஆறு மாதம் பார்ப்போம்" என்றார். தமிழே வராத பிள்ளைக்கு ஆங்கிலம் வரட்டுமாம். மருத்துவர் சொல்லும் ஆட்டிசம் வேறு, சிறப்புக் கல்விக்குப் பள்ளி தானே சோதித்துத் தரும் தகுதி வேறு என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

மாடி வீட்டுச் சேலத்து அக்காதான் வழி சொன்னார். "வாயால் கேட்காதே, எழுதிக் கொடு, தேதி போட்டுக் கொடு" என்றார். இந்த மாநிலத்தில் பிள்ளையைச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கேட்டால் பள்ளி இருபது நாளுக்குள் கூட்டம் போட வேண்டும், பள்ளி விடுமுறை நாள் மட்டும் கணக்கில் வராது. நாம் சோதனைக்குச் சம்மதித்த நாளிலிருந்து 90 நாளுக்குள் சோதித்து, பிள்ளைக்குத் தகுதி இருந்தால் திட்டம் போட்டு நடத்திக் காட்ட வேண்டும். ஒரு காசு வாங்கக் கூடாது. விசாவில் வந்தவன், குடியுரிமை உள்ளவன் என்ற பேதமும் கிடையாது. எழுதிக் கொடுத்தேன். அதே அம்மையார் மறுவாரம் என் பெயரைச் சரியாக உச்சரித்தார்.

முடிந்தவரை சோதனையைப் பிள்ளையின் தாய்மொழியிலும் நடத்த வேண்டும் என்பது சட்டம். தமிழ் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லாததால் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை வீட்டில் கதைக்கிறவரோ?" என்று கேட்டார். கதை சொல்வானா என்று கேட்கிறார்போல என்று நினைத்துக்கொண்டு, "இல்லைங்க, கதையெல்லாம் வராது, படம் பார்ப்பான்" என்று சொல்லி வைத்தேன். கதைப்பது என்றால் அவர்கள் ஊரில் பேசுவதாம். பிறகு இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. சோதனையில் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடச் சொன்னார்கள். கவின் மெழுகுவத்திகளைக் கேக்கிலிருந்து பிடுங்கி, மேசை ஓரத்தில் வாய்க்கால் கரைத் தென்னைபோல வரிசையாக நட்டான். பாட்டும் பாடவில்லை, ஊதவும் இல்லை.

அறிக்கை வந்தது. "பொருளற்ற ஒலியைத் தொடர்ந்து எழுப்புகிறான்" என்று ஒரு வரி. எனக்குப் பொறுக்கவில்லை. கவின் தொண்டைக்குள் 'ங்ம்ம்ம்' என்று இழுப்பானே, முதலில் ஒரு உறுமல், பிறகு சீராக ஓடும், கடைசியில் இறங்கி அடங்கும். அது நம் கிணற்று மோட்டார். மும்முனைக் கரண்ட் வரும் நேரத்துக்கு மோட்டார் ரூம் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றது யாருக்கு மறக்கும்? மோட்டார் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். சோதித்த பெண் இரண்டு முறை கேட்டார், பிறகு அவன் எழுப்பும் ஒலியைக் கேட்டார். "ஊரில் கேட்ட ஒலியை நினைவிலிருந்து எழுப்புகிறான், மனம் அமைதியாக இருக்கும்போது" என்று திருத்தி எழுதினார்.

ஜனவரி முதல் வாரம் திட்டத் தாள் கைக்கு வந்தது. ஐ.இ.பி. என்கிறார்கள், நம் பிள்ளை ஒருவனுக்கு மட்டும் எழுதிய பதினெட்டுப் பக்கம். முதல் திட்டம் என் கையெழுத்து இல்லாமல் நடப்புக்கு வராது. அதில் "பேச்சுப் பயிற்சி, தேவைக்கேற்ப" என்று போட்டிருந்தது.

அந்த இடத்தில் உங்களை நினைத்தேன் அப்பா. மேற்குத் தோட்டம் வாங்கியபோது பத்திரம் எழுதுபவர் "கிணற்றில் பங்கு உண்டு" என்று வாசித்ததும் நீங்கள் நிறுத்தினீர்கள். "பங்கு உண்டு என்றால் தண்ணீர் வந்துவிடுமா? எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று எழுது" என்றீர்கள். அன்று எனக்குப் பத்து வயது, இந்த மனுஷர் ஏன் இப்படி மானத்தை வாங்குகிறார் என்று இருந்தது. இங்கே நானும் அதையே கேட்டேன். வாரத்தில் எத்தனை முறை, முறைக்கு எத்தனை நிமிடம், தனியாகவா கூட்டாகவா, எந்த அறையில்? கேட்ட பிறகுதான் தெரிந்தது, இவற்றை எழுதியே ஆக வேண்டும் என்பது இவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. இப்போது வாரம் மூன்று முறை, முறைக்கு முப்பது நிமிடம், இரண்டு தனியாக, ஒன்று இன்னொரு பிள்ளையோடு. நம் முறைத் தண்ணீர் மாதிரி.

தனி வகுப்பு என்பது உண்மைதான். ஆறு பிள்ளைகள், ஒரு ஆசிரியை, துணைக்கு இருவர். சாப்பாடு, ஓவியம், பாட்டு எல்லாம் மற்ற பிள்ளைகளோடு. காலையில் வீட்டு வாசலுக்குச் சின்ன பஸ் வருகிறது. மேசைக்கடியில் போவது நின்றுவிட்டது. ஒதுக்கியது எது என்று நீங்களே சொல்லுங்கள். ஊரில் நான்கு பள்ளி ஏறி இறங்கினோமே, "மற்ற பெற்றோர் சங்கடப்படுவார்கள்" என்று வாசலிலேயே அனுப்பினார்களே, அதுதானே? பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கும் சொல்கிறது. இங்கே 1975-லேயே சட்டம் வந்து, 1990-ல் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். இங்குள்ளவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்பவர் கையில் ஒரு தாள் இருக்கிறது, அவ்வளவுதான்.

இல்லாததும் நிறைய. அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போக ஒரு அத்தை இல்லை. பனி கொட்டினால் இரண்டு நாள் பள்ளி மூடிவிடுகிறார்கள், அந்த இரண்டு நாளும் நான் படுவது எனக்குத்தான் தெரியும். உங்கள் மாப்பிள்ளைக்கு விசா நீட்டிப்பு ஒவ்வொரு முறையும் கழுத்தில் கத்தி. வீடு மாற்றவும் பயம், பள்ளி முகவரியைப் பொறுத்தது.

உங்களிடம் ஒரு வேலை. பள்ளியில் அவனுக்கு ஒரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள், படத்தைத் தொட்டால் அது பேசும். தண்ணீர், போதும், கழிவறை எல்லாம் ஆங்கிலப் பெண் குரலில். இரண்டு பட்டன்களில் நாமே ஒலி பதிந்துகொள்ளலாம் என்றார் ஆசிரியை. அம்மா ஒன்றில் "வா சாமி, சோறு உண்ணலாம்" என்று சொல்லட்டும். இன்னொன்றுக்கு நீங்கள் மோட்டார் ரூமுக்குள் போனைக் கொண்டுபோய், ஸ்விட்ச் போடுவதிலிருந்து அடங்குகிற வரைக்கும் பதிவு செய்து அனுப்புங்கள். நடுவில் பேசிவிடாதீர்கள், அவன் கண்டுபிடித்துவிடுவான்.

உங்கள் மகள்